பச்சைமலைக்குப் பெயர் எழுதிவிட்டுப் போகலாம்

ஆலத்தியூர்க்காரர்களுக்குக் கல்லும் மண்ணும் புதிதல்ல. சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்தது என்று அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். மலைதான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் போதும், பச்சைமலையில் தண்ணீர் விழுகிற வீடியோ கைபேசிக்குக் கைபேசி தாவும். ஞாயிறு காலை நாலு பைக்கில் எட்டுப் பேர் கிளம்பிவிடுவார்கள். பெரம்பலூரில் டிபன், பிறகு லாடபுரம் வழியாக மயிலூற்று அருவி. கால் வலுவுள்ளவர்களுக்குக் கோரையாறு. எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் கேட்டால், "இந்தா பக்கத்துலதானே, வந்துருவோம்" என்பதே பதில்.

கிளம்பும் ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இளைஞர்கள் மலை ஏறத்தான் வேண்டும். ஆனால், திரும்பும் நேரம் தெரியாமல் மலைக்குப் போகக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 23 பேர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் அவர்கள். கோடையில் காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். ஏறி ஓடுகிற மனிதரால் அதை முந்த முடியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற பழங்குடி வழிகாட்டிகள், தீப் பருவத்தில் பாதைகளை மூடிவைப்பது என்று ஓர் ஒழுங்கு பிறந்தது. அந்தப் பட்டியலில் பெரம்பலூர் இல்லை.

மழைக்கால ஆபத்து வேறு மாதிரி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலை உச்சியில் பெய்வது அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் குளியலை அந்த நொடியே நிறுத்திக் கரையேற வேண்டும். மயிலூற்றுக்கும் இதுதான் பாடம்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய வாய்பாடு சொன்னார்: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டுமென்றால் ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம். அது பழகிய காலுக்கு, குளிர்ந்த ஊருக்கு. நம் புழுக்கத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்வதே நல்லது. இறங்குவதும் விரைவாக முடியாது. ஈரப் பாறையில் வழுக்குவதும் முட்டி நோவதும் இறக்கத்தில்தான். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது, மரத்தடியில் இன்னும் முன்பே இருட்டிவிடுகிறது. ஆகவே ஏழு மணிக்கு நடையைத் தொடங்க வேண்டும். எங்கே நின்றாலும், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும், பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கட்டுச்சோறு, டார்ச். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போதும். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

அனுமதியையும் மறக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. போகாதே என்று பலகை நட்டால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுவிடாது. பலகை இல்லாத ஒற்றையடிப் பாதையாகத் தேடிப்போகும்.

பெரம்பலூர், திருச்சி, சேலம் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது பச்சைமலை. பெரும்பகுதி ஆயிரம் மீட்டருக்கு உட்பட்ட உயரம். ஒரு நாளில் ஏறி இறங்க இதைவிடத் தோதான மலை இந்தப் பக்கத்தில் இல்லை. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும், எந்தப் பாறை வழுக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டு இளைஞர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்து, கோரையாற்றுப் பக்கம் ஒரு பாதையை வனத்துறை முறையாகத் திறக்க வேண்டும். அதற்குள் செலவில்லாத ஒரு வேலையை வரும் ஐப்பசிக்கு முன்பே செய்துவிடலாம். லாடபுரத்தில் மலைக்குப் பிரியும் இடத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, பொறுப்பாக ஓர் ஆள். ஏறும்போது பெயரும் நேரமும் எழுத வேண்டும், இறங்கியதும் கையெழுத்துப் போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து விழாத பெயர் இருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே தேடக் கிளம்பலாம்.