பேட்டரி போச்சா... போக வைத்தது யார்?

செல்ப் பட்டனை அழுத்தினால் "டிக் டிக்" என்று ஒரு சத்தம். மீட்டர் விளக்கு மங்கும். வண்டி கிளம்பாது. மெக்கானிக்கின் தீர்ப்பு இரண்டே வார்த்தை: "பேட்டரி அவுட்டு!" புதுசு வாங்கிப் போட்டதும் வண்டி ஓடும், விஷயம் மறந்துபோகும். ஒரு வருடம் கழித்து மறுபடியும் அதே "டிக் டிக்".

உண்மையில் பல பைக் பேட்டரிகள் வயதாகிச் சாவதில்லை, பட்டினியால் சாகின்றன. காரணத்தைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது, ஓட்டை வாளியை விட்டுவிட்டுத் தண்ணீரை மாற்றுவது போலத்தான்.

கிக்கர் இருந்த காலத்தில் இது பெரிய விஷயமில்லை. நாலு உதை விட்டால் வண்டி கிளம்பிவிடும். இப்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புது பைக்குகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் கார்புரேட்டர் போய், பெரும்பாலான வண்டிகளில் எலக்ட்ரானிக் பியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்புக்கும் இசியூவுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்கப் படுத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் நம்ப முடியாது. பல மாடல்களில் கிக்கரே கிடையாது. இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்பும் ஒருவருக்கு இது வெறும் செலவுக் கணக்கு இல்லை.

பட்டினி எப்படி வருகிறது? லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இழக்கும்போது தகடுகளில் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் கெட்டியாகி, திரும்பக் கரையாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, நாலு தடவை செல்ப் அடிக்கும் வண்டியில் இழந்தது திரும்ப ஏறவே நேரமிருக்காது. கூடவே கலர் கலராக எல்இடி, டபுள் ஹார்ன், திருட்டு அலாரம்! செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களின் பைக்குகள் ஹாஸ்டல் ஷெட்டில் இரண்டு மாதம் தூங்குவதும் இப்படித்தான் முடிகிறது. கிளம்பும் முன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தால் பாதிக் கவலை தீரும்.

கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சுமார் 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். வரவில்லையா? கோளாறு ஸ்டேட்டர் காயிலிலோ ரெகுலேட்டரிலோ ஒயரிங்கிலோ இருக்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டிலும் புது பேட்டரி போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

மூடி திறக்கும் பழைய வகை என்றால், மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. சீல் வைத்த எம்எப் பேட்டரியைத் திறக்கவே கூடாது. வெளியே சார்ஜ் போடும்போது ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 5 ஏஹெச் பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பேட்டரிக்கான சார்ஜரில் அவசரமாக ஏற்றினால் ஆயுள் குறையும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பிரேமில் பட்டு ஷார்ட் ஆகும், தீப்பொறி பறக்கும். டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பூஞ்சை போன்ற உப்புப் படிவது குறையும். கடையிலேயே ஆசிட் ஊற்றித் தரும் பேட்டரியை, அதன் மேல் எழுதியிருக்கும் நேரப்படி முதல் சார்ஜ் ஏற்றாமல் வாங்கிவரக் கூடாது. "அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம் சார்" என்பவரிடம் காத்திருக்கத் தயார் என்று சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, பழைய பேட்டரி. அதை நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று காயலான் கடையில் போடுவதுதான் மிகப்பெரிய தவறு. அனுமதியில்லாத இடங்களில் உடைத்து உருக்கும்போது ஆசிட் மண்ணில் ஓடுகிறது, ஈயப்புகை காற்றில் கலக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2001லேயே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற விதிகள் வந்தன. 2022ல் வந்த புது விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. டீலரிடம் திருப்பிக் கொடுத்தால் விலையிலும் கொஞ்சம் குறையும்.

ஆயில் மாற்றிய கிலோமீட்டரை எழுதும் சர்வீஸ் கார்டில், நிற்கும்போது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட் என்று இரண்டு எண்களையும் எழுதலாமே! ஐந்து நிமிட வேலை. வண்டிக்காரர் கேட்டு வாங்கினால் தானாகவே பழக்கமாகிவிடும். கேட்காதவரை, "பேட்டரி அவுட்டு" என்ற தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லை.