களிமண் பிசைந்த கை புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது கதை படித்து முடித்ததும் பிள்ளைகள் களிமண்ணில் பொம்மை செய்கிறார்கள், காகிதத்தில் முகமூடி வெட்டுகிறார்கள், கதையை நடித்துக் காட்டுகிறார்கள். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதை வகுப்பறையின் அன்றாடம் ஆக்கியது. வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு நிலைகளில் சிறு புத்தகங்களைக் கொடுத்தது. வீட்டில் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இவை தேவை. வரவேற்போம்.

ஆனால் 'கையால் செய்து கற்பது' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டத்திலும் கைக்கு வேலை இருந்தது. வேலை முடிந்து பிள்ளை திரும்பிவரப் புத்தகம்தான் இல்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்து ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். அவர் கை தொட்ட பொருள் உள்ளே போனது, அவர் வெளியே நின்றார். அதே நந்தனார் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது, உழைத்த கைகளுக்கு எழுத்தைக் கொடுக்கத்தான்.

ஆகவே எந்தச் செயல்பாடும் வாசிப்பில் போய் முடிய வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எட்டாக மடித்து, நடுவில் கத்தரித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் தாயிடம் கேட்டு அவர் மகள் ஒரு புத்தகம் எழுதலாம். அவள் ராக்கெட்டைப் பற்றி எழுத விரும்பினால் அதையே எழுதட்டும். கரும்பைப் பற்றி ஊர்த்தெருப் பிள்ளை அந்தத் தாயிடம் கேட்டு எழுதட்டும். அப்போதுதான் உழைப்பு பாடமாகும், குலத்தொழிலாகாது. மறுநாள் புத்தகங்களை மாற்றிக்கொண்டு உரக்கப் படிக்க வேண்டும். எழுதிய பிள்ளையின் பெயரோடு அவை வகுப்பின் படித்தல் மூலையில் தொங்க வேண்டும்.

கைக்குச் சாதி கற்பிப்பதும் பள்ளிதான் என்பதை மறக்க வேண்டாம். 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரை அரசுத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியர் கைதானார். சிலர் கையில் தூரிகை, சிலர் கையில் துடைப்பம் என்றிருக்கும் வகுப்பில் எந்தக் கல்வித் திட்டமும் தோற்கும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசுங்கள். களிமண் சிந்திய தரையைக் கூட்டுவது யார்? சேரிப் பிள்ளையும் ஊர்த்தெருப் பிள்ளையும் ஒரே குழுவில், ஒரே பசை டப்பாவில் கைவிடுகிறார்களா? பொம்மை செய்த பிறகு அந்தக் கதையை ஒவ்வொரு பிள்ளையும் தானாகப் படித்ததா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.