திருட்டும் விளையாட்டும்

குற்றம் எங்கே பிறக்கிறது என்னும் வினாவுக்கு அறிஞர் ஒரே விடை கூறினாரில்லை. இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளியை அவனது தாடையையும் நெற்றியையும் கொண்டே அறியலாம் என்றார். அக்கொள்கை நிலைக்கவில்லை. பிரெஞ்சுச் சமூகவியலார் துர்க்கைம் வேறு வழி சென்றார். குற்றமே இல்லாத சமுதாயம் எங்குமில்லை. குறையற்ற துறவியர் மட்டுமே வாழும் மடம் ஒன்று இருப்பினும், வெளியுலகம் பொருட்படுத்தாத சிறு பிழை அங்கே பெரும் பழியாகிவிடும் என 1895-இல் எழுதினார். குருமடத்தில் வளர்ந்த நமக்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை. மௌன நேரத்தில் சிரித்ததற்காக நாம் முழந்தாளிட்ட மாலைகள் பல!

செல்வமே வாழ்வின் இலக்கென்று எல்லார்க்கும் கற்பித்துவிட்டு, அதனை அடையும் நேர்வழியைச் சிலருக்கே திறந்துவைத்தால் ஏனையோருள் சிலர் குறுக்குவழி தேடுவர் என்றார் அமெரிக்கரான மெர்ட்டன், 1938-இல். இதிலும் உண்மையுண்டு. ஆயினும் நம் நெஞ்சைத் தைத்தது, வில்லியம் சாம்பிளிஸ் என்பார் 1973-இல் வெளியிட்ட ஒரு சிற்றாய்வேயாகும்.

அமெரிக்கப் பள்ளியொன்றில் பயின்ற இரு குழுக்களை அவர் ஈராண்டுகள் கவனித்தார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எண்மர். அவர்களுக்கு அவர் இட்ட பெயர் ‘புனிதர்கள்’. எளிய குடும்பத்தினர் அறுவர், இவர்கள் ‘முரடர்கள்’. புனிதர்கள் பொய்க்காரணம் கூறிப் பள்ளியினின்று நழுவுவர், குடிப்பர், கண்மண் தெரியாமல் கார் ஓட்டுவர். சாலை பழுதுபார்க்கும் இடத்தில் வைத்த தடுப்பையும் விளக்கையும் அகற்றிவிட்டு, வருகிற வண்டி பள்ளத்தில் இறங்குவதை மறைந்திருந்து வேடிக்கை பார்ப்பர். இவர்கள் செய்தவை முரடர்கள் செய்தவற்றிலும் எண்ணிக்கையில் குறைந்தவையல்ல. எனினும் அவ்வீராண்டுகளில் புனிதருள் ஒருவரும் கைதாகவில்லை. முரடர்களோ ஓயாமல் காவலர் கையில் சிக்கினர்.

காரணம் யாது? புனிதர்களிடம் கார் இருந்தது. தொலைவிலுள்ள நகருக்குச் சென்று ஆடினர். முரடர்கள் ஊர் நடுவே, எல்லார் கண்ணிலும் படும் தெருமுனையில் நின்றனர். காவலர் நிறுத்தினால் புனிதர்கள் பணிவாகப் பேசினர், முரடர்கள் முறைத்தனர். ஊராரோ முன்னரே தீர்ப்பெழுதி வைத்திருந்தனர். செயலைவிட, அச்செயலுக்குப் பிறர் இடும் பெயரே ஒருவனைப் புறம்பானவன் ஆக்குகிறது என்று ஹோவர்ட் பெக்கர் 1963-இல் கூறியது இங்கே கண்கூடாயிற்று.

பிற்காலத்தில் புனிதருள் எழுவர் கல்லூரிப் படிப்பை முடித்தனர். முரடருள் இருவர் வெவ்வேறு கொலைவழக்குகளில் சிறை சென்றனர். அக்கொலைகளுக்கு ஊரார் இட்ட பெயர் மட்டுமே காரணம் என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் அதே அறுவருள் வேறு இருவர், கால்பந்தாட்டத் திறமையால் உதவித்தொகை பெற்றுப் படித்துப் பயிற்சியாளராயினர் என்பதையும் மறக்கலாகாது. ஊரார் அவர்களை வேறொரு பெயரால் அழைக்க வாய்ப்பு நேர்ந்தது.

இதைப் படித்தபோது நம் பங்கில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததொன்று நினைவுக்கு வந்தது. திருவிழாவுக்கென வாங்கிய வண்ண விளக்குச் சரங்கள் காணாமற்போயின. நாம் உபதேசியாரை அனுப்பி முதலில் அழைத்தது, பீடச் சிறுவருள் ஒருவனை. அவன் தந்தை முன்னொரு முறை சிறை சென்றவர். வேறு காரணம் நம்மிடம் இல்லை. பலர் முன்னிலையில் ‘திருட்டு’ என்ற சொல்லையும் நாமே பயன்படுத்தினோம். மூன்றாம் நாள் அச்சரங்கள், பங்கில் மதிப்புமிக்க ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்தன. அவருடைய மைந்தர் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக எடுத்துச் சென்றிருந்தனர். “பிள்ளைகள் விளையாட்டுத்தானே!” என்று சிரித்து விடைகொடுத்தோம்.

அன்று மாலையே அச்சிறுவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். “அதனால என்ன சாமி, விடுங்க,” என்றார் அவன் தாய். அவன் வாசலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வாண்டுத் திருவிழாவில் அவன் பீடத்துக்கு வரவில்லை. மறு ஆண்டும் வரவில்லை.