மரம் கோணலா, ரம்பம் கோணலா?

வால்பாறையில் மளிகைக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைகளைத் தரையில் அடுக்க முடியாது. அடியில் பலகை போட்டே ஆக வேண்டும். அதற்காகவும் அலமாரித் தட்டுகளுக்காகவும் சென்ற ஆண்டு சமவெளியில் ஒரு மர அறுவை மில்லில் சில்வர் ஓக் பலகை அறுக்கச் சொன்னோம். வந்த பலகைகள் ஒரு முனையில் ஒன்றேகால் அங்குலம், மறுமுனையில் முக்கால் அங்குலம். தச்சர் இழைத்துச் சமன் செய்ததில் காசும் மரமும் சேர்ந்தே வீணாயின.

"எஸ்டேட் மரமே அப்படித்தான்" என்றார்கள் மில்லில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நேரில் போய்ப் பார்த்தோம். ரம்பத்தின் பற்கள் ஒரு பக்கம் மழுங்கிக் கிடந்தன. தீட்டிய பின் அதே மரம் நேராக அறுபட்டது.

மில் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களும், பலகை வாங்குவோரும் சில அடையாளங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அறுப்பு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், இரு பக்கப் பற்களின் வளைவோ கூரோ சமமாக இல்லை. பலகை அலை அலையாக வந்தால், பட்டை ரம்பத்தின் இறுக்கம் குறைவு, அல்லது மரத்தை வேகமாகத் தள்ளுகிறார்கள். தூள் மாவுபோல விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. பலகை கருகிப் புகைந்தால், மழுங்கிய பல்லோ, வளைவுக் குறைவோ, பிளேடில் ஒட்டிய பிசினோ காரணம். பல் இடுக்கில் விரிசல் கண்டால் அந்தப் பிளேடை உடனே கழற்ற வேண்டும், அறுந்தால் ஆபத்து. வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்தால் பிளேடு நீடிக்கும்.

மலைச்சரிவில் இழுத்துவரும் கட்டையின் பட்டையில் மண் ஏறியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, ஆணி, கம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேடையில் ஏற்ற வேண்டும்.

1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் காட்டுப் பகுதிக்குள் நடக்கும் மர அறுவை மில்களை நிறுத்த உத்தரவிட்டது. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாயிற்று. மரம் முன்போல மலிந்து கிடைக்கும் பொருள் அல்ல. உரிய அனுமதியோடு வரும் கட்டையைக் கோணலாக அறுத்து வீணாக்குவது யாருக்கும் கட்டாது.

அதைவிடப் பெரியது ஆள் கை. மழுங்கிய ரம்பத்தில் கட்டையை அழுத்தித் தள்ள வேண்டும். கை வழுக்குவது அப்போதுதான். மின்சாரத்தை நிறுத்தாமல், சக்கரம் முழுதாக நிற்காமல் பிளேடைத் தொடக் கூடாது. தீட்டுக்கூலியில் மிச்சம் பிடித்துத் தொழிலாளியின் விரலைப் பறிகொடுப்பது வியாபாரமல்ல.

ஆகவே மில் வைத்திருப்போர் தீட்டுபவருக்குரிய கூலியைக் குறைக்க வேண்டாம். வாங்குவோர் இரு முனையும் அளந்து பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். தராசுத் தட்டைத் தினமும் துடைத்துச் சரிபார்க்கும் நமக்கு இது புதிய பழக்கம் அல்லவே!