கீறலை நிரப்ப முடியாது

பெங்களூரின் தும்கூர் சாலையை ஒட்டிய பீன்யா தொழிற்பேட்டை, லேத் பட்டறைகளுக்கும் கிரைண்டிங் மெஷின்களுக்கும் பெயர் போனது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா 1975-ல் உருவானதும் இங்கிருந்த ஷெட்டுகளில்தான். அதே இடத்தில் இப்போது இஸ்ரோவின் மின் ஒளியியல் ஆய்வுக்கூடமான லியோஸ் இயங்குகிறது. நட்சத்திரங்களைப் பார்த்து விண்கலம் திசை அறிய உதவும் சென்சார்கள் அங்கே தயாராகின்றன. அந்த லென்ஸ்களில் மயிரிழைக் கீறல்கூட வேலையைக் கெடுத்துவிடும்.

பக்கத்துத் தெரு வீட்டின் மீன் தொட்டிக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் நான்கடித் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டால், அதன் பிறகு வீட்டுக்காரர் கண்ணுக்கு மீன் தெரியாது. கோடுதான் தெரியும்.

குற்றவாளி பெரும்பாலும் ஒற்றை மணல் துகள். பாசி துடைக்கும் காந்த பிரஷ்ஷுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அது சிக்கிக்கொள்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடிக்கு ஐந்தரை, குவார்ட்ஸ் மணலுக்கு ஏழு. ஜெயிப்பது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோடுகளெல்லாம் கீறலும் அல்ல. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தை ஒட்டிப் படியும் வெள்ளைப் படலம் வெறும் சுண்ணாம்பு. தொட்டியைக் காலி செய்து, வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டிவைத்துத் துடைத்தால் போய்விடும். போகாவிட்டால் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நம்பிக்கை உண்டு. தடுக்கினால் கீறல் ஆழம்.

பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லும் யோசனை பல வீடுகளில் உலவுகிறது. அதிலுள்ள சுண்ணாம்புத் தூள் கண்ணாடியைவிட மென்மையானது. பல்லை மட்டும்தான் வெளுக்கும். அடிப்படையில் கீறலை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது. சுற்றியுள்ள கண்ணாடியை அதன் ஆழத்துக்கு இறக்கத்தான் முடியும். அந்த வேலையைச் செய்வது சீரியம் ஆக்ஸைடு என்ற தூள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவர்களுக்கு இது பழைய சிநேகிதம்.

இந்தத் தூளின் பூர்வீகம் தமிழர்களுக்கு அன்னியமல்ல. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் அதற்குப் புகழ்பெற்றது. அப்போது எல்லோரும் தேடியது காஸ் விளக்கின் மேண்டிலுக்கான தோரியத்தை. ஆனால் மோனசைட்டிலுள்ள அருமண் உலோகங்களில் ஏறக்குறைய பாதி சீரியம்தான். அதைப் பிரிக்கும் ஆலை கேரளத்தின் ஆலுவாவில் 1952-லேயே வந்துவிட்டது.

சீரியம் வெறுமனே சுரண்டுவதில்லை. தண்ணீர் பட்டுச் சற்றே இளகிய கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினை புரிந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு போகிறது. தண்ணீர் வற்றினால் வேலை நின்றுவிடும். அதோடு சூடும் ஏறும். ஒரே இடம் சூடேறினால் கண்ணாடி பட்டென்று விட்டுவிடும்.

ஆகவே தொட்டியைக் காலி செய்து துடைத்த பிறகு, தூளைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, கம்பளிப் பட்டை பொருத்திய டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். ஈரத்தில் செய்யும் வேலை என்பதால் பேட்டரி டிரில் உத்தமம். அடிக்கடி தண்ணீர் தெளித்து, கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். கீறலின் மேலேயே நின்று தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அங்கே பள்ளம் விழுந்து லென்ஸாகிவிடும். நீந்தும் மீன் அந்த இடத்தில் ஒரு கணம் கோணிக்கொள்ளும். கீறலைத் தாண்டி அகலமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மெல்லிய கீறலுக்கே மணிக்கணக்கில் ஆகலாம். முடிந்ததும் தூள் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். அக்ரிலிக் தொட்டிக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அது மென்மையானது, நைஸ் வாட்டர் பேப்பர் போதும்.

அதுவரை மீன்கள்? பழைய தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்புடன் அதில் விட வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சும் அதே தண்ணீரில் கிடக்கட்டும். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. ஸ்பாஞ்சைக் காயவிட்டோ, குளோரின் கலந்த குழாய் நீரில் அலசியோ வைத்தால், பளபளக்கும் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்.

உட்புறக் கீறல் நீர் நிரம்பியதும் பாதி மறைந்துவிடுவதுண்டு. ஒளி வளைவதில் கண்ணாடிக்குக் காற்றைவிடத் தண்ணீர் நெருக்கமானது. அத்தகைய கீறலை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கவலைப்பட வேண்டியது வெளிப்புறக் கீறலுக்கு. நான்கடி நீளம், ஒன்றரை அடி நீர்மட்டம் உள்ள தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 120 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடி வெளிப்பக்கம் லேசாக உப்பி நிற்கிறது. அந்த இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் குவியும். ஏ.ஏ. கிரிஃபித் 1921-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்கியது. கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு கோடு கீறித்தானே கண்ணாடியை உடைக்கிறார்! வெளிப்பக்கம் நகம் தடுக்கும் கீறலோ, ஓரத்தில் சில்லுப் பெயர்ப்போ இருந்தால் சீரியமும் டிரில்லும் தேவையில்லை. சிலிக்கானை அறுத்து அந்தக் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும். அதற்கு முன், அன்றைக்கே, தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும்.