வேப்பிலைச் சாறும் பைண்டிங் போட்ட ஆராய்ச்சியும்

மார்ச் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் தாங்காது. பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷப் பிள்ளைகள் புராஜெக்ட் பைண்டிங்குக்கு வரிசையில் நிற்பார்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து, உள்ளே இரண்டு பக்கம் நன்றியுரை. முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, பெற்றோருக்கு, எல்லாம் வல்ல இறைவனுக்கு. விலங்கியலோ, தாவரவியலோ, நுண்ணுயிரியலோ, எதைப் புரட்டினாலும் பெரும்பாலும் ஒரே ஆராய்ச்சிதான்: இன்ன இலைச் சாறு இன்ன பாக்டீரியாவைக் கொல்லுமா? இலை மட்டும் மாறும். போன வருஷம் வேம்பு, இந்த வருஷம் குப்பைமேனி. அடுத்த வருஷத்துக்குக் கீழாநெல்லி காத்திருக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். இந்த வியாதி ஒரு கல்லூரியோடு நிற்பதில்லை.

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் தன் புராஜெக்டைக் காட்டினாள். பெட்ரி தட்டில் அகார் ஊற்றி, பாக்டீரியாவைத் தடவி, சாற்றில் நனைத்த காகித வட்டத்தை வைத்து, மறுநாள் சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளப்பது. நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. "சாறு எதில் எடுத்தீங்க?" என்றேன். "எத்தனால், தாத்தா." "வெறும் எத்தனாலில் ஒரு வட்டத்தை நனைச்சு வெச்சுப் பார்த்தீங்களா?" விழித்தாள். எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். அதைத் தனியாக வைத்துப் பார்க்காவிட்டால் கொன்றது இலையா சாராயமா என்று எப்படித் தெரியும்? அந்த ஒரு கேள்விதான் ஆராய்ச்சி. மற்றதெல்லாம் சமையல். இன்னும் கேட்டபோது, ஐந்து பேர் கொண்ட குழுவில் தட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் என்றும், சோதனையை வெளியே ஒரு 'புராஜெக்ட் சென்டரில்' காசு கொடுத்துச் செய்தார்கள் என்றும் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் முன்னால் வைக்கப்பட்ட சடங்கை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

என் கோபம் சடங்கை வடிவமைத்தவர்கள் மேல். கடைசி செமஸ்டரில் மூன்று மாதம், அதில் பாதி விடுமுறை, மீதியில் மாடல் எக்ஸாம். கிடைக்கும் சில வாரங்களில் முடியக்கூடிய ஒரே வேலை ஒரு ராத்திரியில் விடை வரும் வேலைதான். அதனால்தான் இலைச் சாறு. உயிரியல் ஒரு ராத்திரிக் காரியமா? பூ பூக்கவும், நாரை கூடு கட்டவும், மீன் முட்டையிடவும் வருஷம் திரும்ப வேண்டும்.

இத்தனைக்கும் நாம் உட்கார்ந்திருக்கும் இடம் எது? மேற்கே பொதிகை. களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது. எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து ஆய்வாளர்கள் வந்து இந்த மலையில் சிங்கவால் குரங்குகளின் பின்னால் நடந்தார்கள். கிழக்கே புன்னக்காயலில் கடல். நடுவில் சுமார் 128 கிலோமீட்டர் ஆறு, அதன் கால்வாய்கள், குளங்கள், வயல்கள். இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை இனம் இருக்கிறது, டாக்கின்சியா தாம்பிரபர்ணியை என்று. 1954-இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் விவரித்தது. இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. விலங்கியல் படித்து முடித்த எத்தனை நெல்லைப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கிறார்கள்? ஈ.கோலையைப் பார்த்த அளவுக்குக்கூட இல்லை.

நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவர். அதை விட்டுவிட்டு பந்திப்பூர் காட்டுக்குப் போய் செந்நாய்களைத் தொடர்ந்தார். பிறகு டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார். அவரிடம் செந்நாயைப் பார்க்க இருந்ததெல்லாம் கண்ணும், காலும், பொறுமையும்தான். அவர் பிறந்த ஜில்லாவில் இன்றைக்கு ஒரு பையன், "சார், நான் குளத்துக் கரையில் ஒரு வருஷம் உட்கார்ந்து நீர்க்காகத்தைப் பார்க்கிறேன், அதைப் புராஜெக்டாக எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "இன்ஸ்ட்ருமென்டேஷன் எங்கேப்பா?"

உதாரணம் இல்லாமல் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2011 முதல் ஜனவரி தோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ அமைப்பின் மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர் குழுக்களும் நடத்துகிறார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் விடியற்காலையில் தன்னார்வலர்கள் இறங்கி நாமக்கோழி எத்தனை, ஊசிவால் வாத்து எத்தனை, அரிவாள் மூக்கன் எத்தனை என்று எண்ணி எழுதுகிறார்கள். அவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. எந்தக் குளத்தில் வரத்து குறைந்தது, எங்கே தண்ணீர் நின்றும் பறவை வரவில்லை என்று சொல்ல இந்தக் கணக்குதான் கையில் இருக்கிறது. அதை எடுத்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். மார்க் இலைச் சாற்றுக்கு.

தவளை அறுப்பதை பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் முழுக்க நிறுத்தச் சொன்னது. நான் வரவேற்றேன். ஆயிரக்கணக்கான தவளைகளை வீணாகக் கொன்றோம். ஆனால் மிச்சமான அந்தச் செய்முறை நேரத்தில் பிள்ளைகளை மழைக்கால ராத்திரியில் வயல்வரப்புக்குக் கூட்டிப்போய் எத்தனை வகைத் தவளை கத்துகிறது என்று கேட்கவா சொன்னோம்? சுவரில் சார்ட்டைத் தொங்கவிட்டு, பார்த்து வரையச் சொன்னோம்.

இப்போது அதே மானியக் குழு நாலாண்டுப் பட்டம் என்கிறது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர்களுக்கே நாலாம் ஆண்டில் ஆராய்ச்சியாம். நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு உறுத்துவது அந்த 75. ஆராய்ச்சி என்ன, மனப்பாடத்தில் ஜெயித்தவனுக்குத் தரும் பரிசா? என் வகுப்பில் பூச்சிகளை என்னைவிட நன்றாக அடையாளம் கண்ட ஒரு பையன் பேப்பரில் ஐம்பதைத் தாண்டியதில்லை. டார்வின் எடின்பரோவில் மருத்துவம் படித்து, பிடிக்காமல் பாதியில் விட்டவர். அந்த அரைகுறைப் படிப்பின் நடுவில்தான் 1827-இல், பதினெட்டு வயதில், கடற்கரையில் பொறுக்கிய உயிரிகளைப் பற்றி மாணவர் சங்கத்தில் தன் முதல் கண்டுபிடிப்பைச் சொன்னார். 75 சதவீதம் கேட்டிருந்தால் வெளியே நின்றிருப்பார்.

பணம் இல்லை என்பார்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்கலர் முறைக்கு வேண்டிய ரசாயனங்கள் எந்தக் கல்லூரி அலமாரியிலும் இருக்கும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். குறுக்குத்துறைப் படித்துறைக்கு யார் அனுமதி வேண்டும்? பெண் பிள்ளைகளை ஆற்றுக்கு எப்படி அனுப்புவது என்ற கேள்வியை மட்டும் நான் தள்ள மாட்டேன். குழுவாக, ஆசிரியரோடு, கல்லூரி வண்டியில் போக வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும். பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் கட்டிவிட்டு, அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சம்பளமும் உறுதியில்லாமல் வைத்துக்கொண்டு, யாரை ஆற்றுக்கு அனுப்புவீர்கள்? இதுதான் உண்மையான தடை. இதைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் பேச மாட்டார்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்தது. வடிந்த பிறகு ஆற்றில் மீனும், நத்தையும், தட்டானின் இளம்புழுவும் என்ன ஆயின என்று கேட்டால், வெள்ளத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். சாக்கடை கலப்பதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போயிற்று. கரையோரக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் இருபது வருஷமாக மாதம் ஒரு நாள், ஒரே படித்துறையில், ஆக்சிஜனையும் நத்தையையும் எழுதி வைத்திருந்தால், அந்த நோட்டுகளே சாட்சி சொல்லியிருக்கும். முதல் வருஷப் பிள்ளை தொடங்குவாள், மூன்றாம் வருஷத்தில் தன் எழுபது பக்கத்தை எழுதுவாள், நோட்டு அடுத்தவளுக்குப் போகும். அவள் எழுதியதை யாரும் காப்பி அடிக்கவும் முடியாது, ஏனென்றால் அடுத்த மாதத்து ஆறு வேறு.

பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். புராஜெக்டை ஆறாம் செமஸ்டரிலிருந்து எடுத்து முதல் செமஸ்டரில் தொடங்கிவிடுங்கள், மார்க்கைப் பைண்டிங்குக்குப் போடாமல் கள நோட்டுக்குப் போடுங்கள். ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல் மாத அளவைத் தொடங்கலாம். விங்கலர் பாட்டிலைக் குமிழி நுழையாமல் மூடுவது எப்படி என்று காட்ட ஆள் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறைக்கு வந்துவிடுகிறேன்.