களைக்கொத்தும் கடன் பாக்கியும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலிக்கச் செல்லும் ஆய்வாளன் ஒருவன், காய்கறித் தோட்டத்தில் களை வெட்டுவதைப் பற்றி எழுதப் புகுவது அங்கத்தினர்களிற் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் புரட்டுகிறவனுக்குப் பாத்தியிலும் வரப்பிலும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தணிக்கைக் குறிப்பு ஒன்று தவறானது என்பதை நான் பின்னர் உணர்ந்தேன். அதை ஒப்புக்கொள்வதும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தை அங்கத்தினர்கள் முன் வைப்பதும் என் கடமையாகும்.

நெசவாளரும் காய்கறி பயிரிடுவோரும் கலந்து வாழும் ஊர் ஒன்றில், விவசாயக் கடன் சங்கத்தின் செலவுச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க் கொல்லரிடம் பன்னிரண்டு களைக்கொத்துகள் செய்து வாங்கியதாகவும், அவற்றுக்கு நீண்ட மூங்கிற் பிடி போட்டதாகவும் ஒரு சீட்டு இருந்தது. அவற்றை அங்கத்தினர்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்து வந்தார்கள். உரிய தீர்மானம் இல்லாமல் செய்த செலவு, அற்பப் பொருள், சங்கத்தின் நோக்கத்தோடு தொடர்பற்றது என்று ஆட்சேபணை எழுதினேன். செயலாளர் மறுமொழி ஒன்றும் எழுதவில்லை. "ஐயா, மாலையில் ஒரு நாழிகை தோட்டப் பக்கம் வந்து பாருங்கள், பிறகு தாங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சென்று பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு கத்தரித் தோட்டங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் செடிகள் கருகருவெனத் தழைத்துப் பூத்திருந்தன. மற்றொன்றில் கத்தரிச் செடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாரணையும் குப்பைக்கீரையும் கோரையும் இடுப்பளவு மண்டிக் கிடந்தன. முதல் தோட்டத்துக்கு உரிய அம்மாள், நட்ட பதினைந்தாம் நாளே சங்கத்துக் கொத்தை வாங்கி வந்து, காலை வேளையில் தாமே நின்றபடி பாத்திகளைச் சுரண்டி முடித்தார். மறு பதினைந்தாம் நாள் மீண்டும் ஒரு முறை. அடுத்த தோட்டக்காரரோ, களை கைக்கு அகப்படும் அளவு வளரட்டும், ஆள் விட்டு ஒரே முறையாகப் பிடுங்கிவிடலாம் என்று நாற்பது நாள் காத்திருந்தார். பிறகு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கையில் பணம் இல்லை. அவருடைய பெயர் என் கையிலிருந்த தவணை கடந்த பாக்கிப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் நான் கண்டது ஒரு தொகையை மட்டுமே. அது எங்கே முளைத்தது என்பதை அன்று மாலைதான் கண்டேன்.

களை என்பது வட்டி

களை, கடனுக்கு ஏறும் வட்டியைப் போன்றது. முதல் மாதத்தில் செலுத்தினால் சிறு தொகை. தள்ளிப்போட்டால் வட்டிக்கு வட்டி. காய்கறிப் பயிர்களிற் பெரும்பாலானவற்றுக்கு, நட்ட முதல் முப்பது முதல் நாற்பத்தைந்து நாட்களே ஆபத்தான காலம். அந்நாட்களில் இளம் செடியின் வேர் ஆழமாக இறங்கியிராது. இலை விரிந்து நிலத்தை நிழலால் மூடியிராது. நாம் இட்ட எருவையும் பாய்ச்சிய நீரையும் களையே முந்திக்கொண்டு உண்ணும். அதன் பின்னர் களையை எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினாலும், இழந்த விளைச்சல் திரும்பி வாராது. வெங்காயத்துக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி. அதன் இலை குறுகி நிமிர்ந்து நிற்பதால், கடைசி வரையில் அது நிலத்துக்கு நிழல் தருவதே இல்லை.

நெசவாளி அன்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிகிறார்கள். 'ஒரு முழம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்' என்று விடுவதில்லை. விட்டால் அந்தக் குறை துணியின் நெடுகிலும் ஓடும். தோட்டத்திலும் அப்படியே. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நிற்கும் நாட்களில், வீட்டுப் புழக்கடையில் நாலு பாத்தி அவரையும் வெண்டையும் போட்டுக் காப்பாற்றும் நெசவாளிக் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். களை மிகுதியாக முளைப்பதும் அதே மழைக்காலத்தில்தான்.

வள்ளுவரும் உழவைப் பற்றிக் கூறுமிடத்து, உழுதல், எருவிடுதல், நீர் பாய்ச்சுதல், பயிரைக் காத்தல் ஆகியவற்றோடு களை கட்டலையும் சேர்த்தே எண்ணினார். நம்மில் பலர் மற்ற நான்குக்கும் பணம் ஒதுக்குகிறோம். இந்த ஒன்றை மட்டும் நாளைக்கு ஒதுக்குகிறோம்.

வெட்டும் முறை

கொத்தைக் கையில் எடுப்பது மட்டும் போதாது. முறை தெரிந்திருக்க வேண்டும். களை இரண்டு இலை, நான்கு இலை விடும் பருவமே வெட்டுவதற்கு ஏற்ற பருவம். கொத்தைத் தலைக்கு மேல் ஓங்கி மண்ணில் ஆழ இறக்கலாகாது. விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல், தகடு மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுழைந்து சுரண்டிக்கொண்டு வர வேண்டும். ஆழ வெட்டினால் இரண்டு தீமைகள் உண்டு: பயிரின் பக்க வேர்கள் அறுபடும், அடியில் உறங்கும் களை விதைகள் மேலே வந்து முளைக்கும். மேலாகச் சுரண்டினாலோ களை மடிவதோடு, இறுகிய மேல்மண் உடைந்து பொலபொலப்பாகி, அடி ஈரமும் எளிதில் ஆவியாகாமல் நிற்கும்.

தகடு கூராக இருத்தல் இன்றியமையாதது. மழுங்கிய கொத்து களையை வெட்டாது, மடக்கும். வெட்டுகிறவரின் தோளைத்தான் வருத்தும். பக்கத்தில் ஓர் அரம் வைத்துக்கொண்டு அவ்வப்போது தீட்டிக்கொள்வது நேரத்தை வீணாக்குவதாகாது. வெயில் உள்ள நாளில் காலையிலேயே வெட்ட வேண்டும். பகல் முழுவதும் களை காய்ந்து கருகிவிடும். வெட்டியவுடன் நீர் பாய்ச்சினால், அறுபட்ட களை மீண்டும் வேர் பிடிக்கும்.

எல்லாக் களைக்கும் ஒரே மருந்து அன்று. பருப்புக்கீரை இனத்தின் தண்டுத் துண்டு ஈர மண்ணில் கிடந்தாலே உயிர் பெறும். அதை வெட்டியபின் பொறுக்கி வெளியே போட வேண்டும். அருகின் வேரை நறுக்கிப் போட்டால் ஒன்று பத்தாகும். அதைத் தோண்டி எடுக்க வேண்டும். கோரைக்கு மண்ணுக்குள்ளே கிழங்கு இருப்பதால் ஒரு வெட்டில் மடியாது. தலை காட்டும் போதெல்லாம் வெட்டி வந்தால் கிழங்கு சோர்ந்துபோகும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னரே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். அதைத் தொடுவதால் தோலில் ஒவ்வாமை உண்டாவோர் பலர்.

"களை மாட்டுக்குத் தீனியாகிறது, குப்பைக்கீரை எங்களுக்குக் கறியாகிறது, அதைச் சிறிதிலேயே வெட்டச் சொல்கிறீரே" என்று பெண்கள் சிலர் கேட்டதுண்டு. அது ஏழைக் குடும்பத்தின் நியாயம். அதை நான் புறக்கணிக்கவில்லை. ஆனால் பாத்திக்குள் வளர்ந்த ஒரு கட்டுப் புல்லுக்கு நாம் கொடுக்கும் விலை ஒரு கூடைக் கத்தரிக்காயாக இருக்கலாம். வரப்பிலும் வேலியோரத்திலும் தீனி வளரட்டும். பாத்தி பயிருக்கே உரியதாகட்டும்.

மருந்தும் முதுகும்

களைக்கொல்லி இருக்கும்போது கொத்து எதற்கு என்பது மற்றொரு கேள்வி. பரந்த நிலத்தில் ஒரே பயிர் செய்வோருக்கு அது உதவுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கத்தரி, வெண்டை, அவரை, கீரை என்று பலவும் கலந்து நிற்கும் தோட்டத்தில், அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து பயிரையும் விடாது. நெல்லுக்கும் கரும்புக்கும் தெளிக்கும் 2,4-டி மருந்து காற்றில் சிறிது பரவினாலும், நன்கு கழுவாத தெளிப்பானில் ஒட்டியிருந்தாலும், தக்காளியும் பருத்தியும் இலை சுருண்டு கெடும். நெசவாளிக்கு நூல் தரும் பருத்தி இதனால் எளிதில் கெடும் பயிர்களில் ஒன்று. கிளைபோசேட் என்னும் மருந்தை 2015-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்னும் வகையில் சேர்த்தது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. ஆயினும் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மத்திய அரசு, பூச்சி ஒழிப்புத் தொழில் புரிவோர் தவிரப் பிறர் அதை உபயோகிக்கலாகாது என்று அறிவிக்கை வெளியிட்டது. நாம் உண்ணும் கீரைப் பாத்தியில் இத்தகைய ஐயங்களுக்கு இடம் தருவானேன்? பிளாஸ்டிக் விரிப்பு பெரிதும் பயன்படும் என்பது உண்மையே. எனினும் அதற்கும் முதல் வேண்டும். கோரையோ அதையும் துளைத்து மேலே வரும்.

கொத்தின் பிடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் களை வெட்டுவோர் பெரும்பாலும் பெண்கள். ஒரு முழத்துக்கும் குறைந்த பிடியைக் கொடுத்து, நாள் முழுவதும் அவர்களைக் குனிந்தே நிற்கச் செய்கிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தோட்டங்களில் இத்தகைய குட்டைக் கொத்தால் முதுகு கெட்ட தொழிலாளர்கள் வழக்காடினர். 1975-ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபின் அந்தக் கொத்து தடை செய்யப்பட்டது. நீண்ட பிடியால் பயிர் கெடும் என்று அங்கும் நில உடைமையாளர்கள் வாதிட்டனர். உண்மையில், குட்டைக் கொத்துக் காலத்தில் ஒருவர் சற்று நிமிர்ந்தாலும் மேஸ்திரி கண்டுகொள்ள முடிந்தது என்பதே தொழிலாளர்களின் மனக்குறை. நம் வயல்களிலும் நிமிர்ந்த முதுகைச் சோம்பலின் அடையாளமாகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். நெருங்கி நட்ட வெங்காயப் பாத்திக்கும் செடியின் தூருக்கும் சிறு கொத்து தேவை என்பது உண்மையே. பார் இடைவெளிகளுக்கு, நிற்பவரின் தோளளவு பிடி போட்ட கொத்தே தக்கது.

ஆகவே, சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு விவசாயச் சங்கமும் முறையான தீர்மானம் செய்து, உள்ளூர்க் கொல்லரிடமே நீண்ட பிடிக் கொத்துகளையும் அரங்களையும் வாங்கி வைத்து, அங்கத்தினர்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தரலாம். இரண்டாவது, பயிர்க்கடன் முழுவதையும் நடவின் போதே செலவழித்துவிடாமல், களை வெட்டும் கூலிக்கு ஒரு பகுதியை நிறுத்தி வைக்குமாறு அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். மூன்றாவது, ஆள் பற்றாக்குறை உள்ள ஊர்களில், ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் முறைவைத்து உதவும் பழைய வழக்கத்தைச் சங்கத்தின் மூலம் புதுப்பிக்கலாம். அதுவும் கூட்டுறவுதான், பேரேட்டில் பதியாத கூட்டுறவு.

அந்தச் சங்கத்தின் கணக்கில் நான் எழுதிய ஆட்சேபணையை, தீர்மானம் பெற்றுப் பதிவு செய்யுமாறு திருத்தி எழுதினேன். விதியின்படி தீர்மானம் வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றம் இல்லை. 'அற்பப் பொருள்' என்று எழுதிய சொல்லை மட்டும் அடித்துவிட்டேன். அடுத்த பருவத்தில் பாக்கிப் பட்டியலில் இருந்த அந்த அங்கத்தினரும் ஒரு கொத்தை வாடகைக்கு வாங்கிச் சென்றதாகச் செயலாளர் கூறினார். அவருடைய பாக்கி ஒரே பருவத்தில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பதினைந்தாம் நாளில் அவர் தோட்டத்தில் நின்றார். பாக்கி தீரும் வழி அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.